பேப்பர் எண்ணிக்கையை விடுங்கள், வியாழக்கிழமை மதியத்தைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: வணக்கம். காவிரி டெல்டாவில் ஒரு நகரத்தில், அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவின் பொறுப்பாளராக இருக்கிறேன். என்னையும் சேர்த்து 11 பேர்: பிசியோதெரபிஸ்ட் ஏழு பேர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இரண்டு பேர், ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர், டயட்டீஷியன் ஒருவர். இந்த வருடம் எங்கள் பிரிவிலிருந்து ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவர வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒரு பேராசிரியரை அழைத்து இரண்டு நாள் பயிலரங்கும் நடத்தினோம். எட்டு மாதம் ஆகிறது, ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. கேட்டால், "ஆராய்ச்சியெல்லாம் டாக்டர்கள் வேலை மேடம், நமக்குப் பேஷண்ட் பார்க்கவே நேரம் இல்லை" என்கிறார்கள். சேர்ந்து ஒன்றரை வருடமே ஆன ஒரு பையன் மட்டும் ஒருநாள், "டிஸ்சார்ஜ் ஆகிற பக்கவாத நோயாளிகளில் பாதிப் பேர் திரும்பி வருவதே இல்லையே, அவர்கள் எல்லாம் என்ன ஆகிறார்கள்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் எம்.பி.டி. என்கிற பிசியோதெரபி முதுகலைப் படிப்பின் தீசிஸோடு ஆராய்ச்சியை விட்டவள்தான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதில்தான் நின்றுவிட்டேன். அந்தப் பையன் கேட்ட கேள்வி. ஐந்து பேப்பர், பயிலரங்கு, நிர்வாகத்தின் நெருக்கடி எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதை எடுத்துக்கொள்வோம்.

நம் கண் பார்க்காத இடத்தில் நம் நோயாளிக்கு என்ன நடக்கிறது? இதுதான் அவன் கேட்டது. இதே கேள்வியை நம் பக்கத்திலேயே ஒருவர் முன்பு கேட்டிருக்கிறார். வேலூரில் தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்டின் காலம் அது. தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி உதிர்ந்துவிடும் என்றுதான் அன்றைக்கு உலகமே நம்பியது. அவரும் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு புதுப் புண்ணும் எப்படி வந்தது என்று விசாரித்துக்கொண்டே போனார்கள். அடுப்பில் சுட்டது, கருவி அழுத்தியது, செருப்பு கடித்தது என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. ஆனால் ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் காணாமல் போவதற்கு மட்டும் காரணம் புரியவில்லை. ஒரு இரவு கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எலி கடித்துக்கொண்டிருந்தது. வலி தெரியாததால் தூங்குகிறவர் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். நோயாளி நம் பார்வையில் இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்பது ஆராய்ச்சியிலேயே பழைய வேலை. உங்கள் பையன் அதைத்தான் கேட்டிருக்கிறான்.

அடுத்து, 'ஆராய்ச்சி டாக்டர்கள் வேலை' என்ற பேச்சு. அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். நமக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்படித்தான். கல்லூரியில் தீசிஸ் என்பது பட்டம் வாங்க ஏற வேண்டிய ஒரு படி. பைண்டிங் செய்து கொடுத்ததும் அலமாரிக்குப் போய்விடும். ஆனால் இந்த வாரம் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி உட்காரவைத்து நடக்கவைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஜூலி பெர்ன்ஹார்ட் அதைச் சோதித்துப் பார்த்தார். அந்த ஆய்வுக்கு 'அவெர்ட்' என்று பெயர். ஐந்து நாடுகளில் 56 பக்கவாதப் பிரிவுகள், 2,104 நோயாளிகள். மலேசியாவும் சிங்கப்பூரும்கூட அதில் இருந்தன. 2015-இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அதிக அளவில் பயிற்சி கொடுத்தவர்களில் மூன்று மாதம் கழித்து நன்றாக இருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம். அதாவது நாம் நல்லது என்று நினைத்து அவசரப்பட்டுச் செய்தது சிலருக்குக் கெடுதலாக முடிந்திருக்கிறது. இதைக் கேள்வியாகக் கேட்டு, பல வருடம் விடாமல் பின்தொடர்ந்து பதில் கண்டவர் ஒரு பிசியோ. நோயாளி அன்றாட வேலைகளை எந்த அளவுக்குத் தானாகச் செய்கிறார் என்று பார்த்து, தினமும் கேஸ் ஷீட்டில் நீங்கள் போடுகிற பார்த்தெல் மதிப்பெண்ணும் அப்படித்தான். 1965-இல் அதை வெளியிட்ட இருவரில் ஒருவரான டோரதியா பார்த்தெல் ஒரு பிசியோதெரபிஸ்ட். நம் கையில் இருக்கிற கருவியே நம் தொழில்காரர் செய்தது.

நம் நாட்டிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அது உங்கள் பையனின் கேள்விக்கு நேரே பக்கத்தில் வருகிறது. 'அட்டெண்ட்' என்று பெயர். இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 பக்கவாத நோயாளிகள். வீட்டில் இருக்கிற ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவரே வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி செய்யவைத்தால் பலன் இருக்குமா என்று பார்த்தார்கள். தெரபிஸ்ட் கிடைக்காத நாட்டுக்கு ஏற்ற, ரொம்ப நல்ல யோசனை. 2017-இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் அடுத்தவரைச் சார்ந்து இருப்பவர்களும் சேர்த்து இரண்டு பக்கமும் 47 சதவீதம்தான். வித்தியாசமே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். ஆனால் வீட்டுக்குப் போன நோயாளிக்கு என்ன நடக்கிறது என்ற கேள்வி இன்னும் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே போகிறது. உங்களிடம் திரும்பி வராதவர்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை இதை எண்ணிச் சொல்லக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

சரி, பயிலரங்குக்குப் பிறகு ஏன் ஒன்றும் நடக்கவில்லை? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், அதுதான். பேராசிரியர் மேல் குறை இல்லை. பி-வேல்யூ, சாம்பிள் சைஸ், ரேண்டமைசேஷன் எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் சொந்தமாக ஒரு கேள்வி கையில் இல்லாதவருக்கு அதெல்லாம் ஒட்டாது. இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் துணை மருத்துவத் துறையினரின் ஆராய்ச்சித் திறனை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், 2012-இல் வெளிவந்தது. அதில் ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் வைத்துக் கேட்பார்கள்: உங்களுக்குத் தெரியுமா, உங்கள் குழுவில் அது நடக்கிறதா, உங்கள் நிறுவனம் அதற்கு வழி செய்கிறதா. நீங்கள் முதல் இடத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு ஆள் கற்றுக்கொண்டு திரும்பி வருகிறார். வந்து பார்த்தால் காலை எட்டரை மணிக்கு ஓ.பி. வரிசை, அப்புறம் வார்டு, அப்புறம் ஐ.சி.யூ. அழைப்பு. கற்றது எல்லாம் பத்து நாளில் ஆவியாகிவிடும்.

அதனால்தான் முதல் வேலையாக நிர்வாகத்திடம் போகச் சொல்கிறேன். ஐந்து பேப்பர் முடியாது என்று சொல்லப் போக வேண்டாம். வியாழக்கிழமை மதியம் இரண்டரையிலிருந்து நாலரை வரை மூன்று பேருக்கு வேறு டூட்டி போடக்கூடாது என்று கேட்கப் போங்கள். வியாழன்தான் என்றில்லை, உங்கள் ஓ.பி. ரிஜிஸ்டரை மூன்று மாதத்துக்குப் புரட்டினால் எந்த மதியம் காலியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். 11 பேர், ஆளுக்கு வாரம் 48 மணி நேரம் என்றால் 528 மணி நேரம். மூன்று பேருக்கு இரண்டிரண்டு மணி நேரம் என்றால் ஆறு. நூற்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்கு ஈடாக என்ன தருவீர்கள் என்பதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள்: ஒரே ஒரு கேள்வி, ஒழுங்காகப் பராமரித்த ஒரு ரிஜிஸ்டர், முதல் வருட முடிவில் ஒரு மாநாட்டில் ஒரு போஸ்டர், இரண்டாம் வருடம் ஒரு நல்ல கட்டுரை. ஐந்துக்குப் பதில் ஒன்றா என்று கேட்பார்கள். அந்த ஒன்று மருத்துவமனையின் பெயரைக் காப்பாற்றும், அவசரத்தில் எழுதிய ஐந்து அதைக் கெடுக்கும் என்று தயங்காமல் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் வாய்ப்பேச்சாக விடாதீர்கள், கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கையாக வாங்குங்கள். ஆர்த்தோ வார்டில் கூட்டம் வந்த முதல் வியாழக்கிழமையே அந்த மூன்று பேரையும் இழுக்கப் பார்ப்பார்கள். அன்றைக்கு நீங்கள் அசையாமல் நிற்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

நேரமும், ஆய்வு நெறிகளைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதியும் (அதைப் பின்னால் சொல்கிறேன்) கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். முதல் வியாழன் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். போன வருடத்து டிஸ்சார்ஜ் ரிஜிஸ்டரையும் ஓ.பி. ரிஜிஸ்டரையும் மேஜையில் வையுங்கள். 'பாதிப் பேர் திரும்பி வருவதில்லை' என்பது இப்போதைக்கு ஒரு மனக்கணக்குதான். அதை எண்ணுங்கள். பக்கவாதத்தோடு வந்து, உயிரோடு, நடை அல்லது கைப் பயிற்சி தேவை என்று எழுதப்பட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களில் 30 நாளுக்குள் ஒரு தடவையாவது திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? எண்ண ஆரம்பித்ததுமே சண்டை வரும். இறந்தவரைச் சேர்ப்பதா? சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போனவரைச் சேர்ப்பதா? பக்கத்துத் தெருவில் தனியார் பிசியோவிடம் போகிறவர் 'வராதவர்' ஆவாரா? அந்தச் சண்டையை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். இரண்டு நாள் பயிலரங்கில் ஏறாதது அந்த அரை மணி நேரத்தில் ஏறிவிடும். முடிவு செய்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, பிறகு மாற்றாதீர்கள்.

எண்ணி முடித்ததும் ஏன் என்ற கேள்வி வரும். அதற்கு ரிஜிஸ்டரில் பதில் இருக்காது, போன் செய்துதான் கேட்க வேண்டும். நான் முதல்முறை இப்படிப் போன் செய்தபோது ஒரு அம்மா எடுத்தார். கணவர் எங்களிடம் 12 நாள் இருந்துவிட்டுப் போனவர். "ஏம்மா அப்புறம் வரவே இல்லை?" என்றேன். "ஆட்டோவுக்கு நானூறு ரூபா ஆவுதுங்க. அவரைத் தனியா அனுப்ப முடியாது, நான் வந்தா எனக்கு அன்னிக்குக் கூலி போயிடும்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நடவு முடிஞ்சா கூட்டிட்டு வர்றேன்" என்றார். அதுவரை எங்கள் பதிவேட்டில் அப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் எழுதிவந்த சொல் 'ஒத்துழைக்காதவர்'. அன்றைக்கு அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம். உங்கள் ஊரில் குறுவை நடவு, சம்பா அறுவடை மாதங்களையும் நோயாளி வராத மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன தெரியும் என்று நான் முன்கூட்டியே சொல்லக்கூடாது. ஆனால் வெளியூர் ஆராய்ச்சியாளருக்கு அப்படி வைத்துப் பார்க்கவே தோன்றாது.

இனி அளப்பதைப் பற்றி. இதில் நான் பட்டதை அப்படியே சொல்கிறேன், நீங்களும் எட்டு மாதத்தை இழக்க வேண்டாம்.

'டைம்டு அப் அண்ட் கோ' சோதனை உங்களுக்குத் தெரியும். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி. 1991-இல் வெளிவந்தது, இன்றைக்கும் இதைவிடச் செலவில்லாத நல்ல அளவு கிடையாது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நாங்கள் ஆறு பேர் எட்டு மாதம் இதை எடுத்து எழுதிவைத்தோம். புள்ளியியல் பார்க்கிறவரிடம் கொண்டுபோனபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரே நாற்காலியா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓ.பி.யில் கை வைத்த மர நாற்காலி. வார்டில் கை இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஒன்று கால் வளைந்து தாழ்ந்தது. ஜிம்மில் சுழல் முக்காலி. ஒருவர் 'எழுந்திருங்க' என்று சொன்னதும் ஸ்டாப் வாட்ச்சை அழுத்துவார், இன்னொருவர் முதுகு நாற்காலியை விட்டு நகர்ந்ததும் அழுத்துவார். ஒருவர் செருப்போடு நடக்கவிட்டார், ஒருவர் கழற்றச் சொன்னார். ஒரே நோயாளிக்கு வார்டில் 24 விநாடி, ஓ.பி.யில் 17 விநாடி என்று எழுதியிருந்தோம். முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டதில் எவ்வளவு அவர் கால், எவ்வளவு நாற்காலியின் கை என்று பிரிக்கவே முடியவில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்தோம். மறுநாள் தச்சரிடம் 46 சென்டிமீட்டர் உயரத்தில், கை வைத்து, ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகள் சொன்னோம். தரையில் மூன்று மீட்டருக்கு மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டோம். வழக்கமாகப் போடும் செருப்பு, வழக்கமாகப் பிடிக்கும் கோல் என்று சுவரில் எழுதி ஒட்டினோம்.

ஆராய்ச்சித் திறன் எது என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த மஞ்சள் கோட்டைத்தான் காட்டுவேன். உங்கள் 11 பேரும் ஒரே நோயாளியை ஒரே மாதிரி அளக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஒரு வியாழக்கிழமை ஐந்து நோயாளிகளிடம் அனுமதி கேட்டு, இரண்டிரண்டு பேர் தனித்தனியாக அளந்து, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். முதல் தடவை எண்கள் ஒத்துப்போகாது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்புறம் மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர், அப்புறம் பார்த்தெல் என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்ளலாம். இதற்கு ஆங்கிலக் கட்டுரை எழுதத் தெரிய வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். 'நமக்கு வராது' என்று ஒதுங்கி நிற்கிறவர்கள் உள்ளே வருவது இந்த வாசல் வழியாகத்தான்.

கேள்வித்தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூட்டுத் தேய்மானத்துக்கு உலகம் முழுவதும் பயன்படுத்துகிற 'வோமேக்' படிவத்தில் காலுறை மாட்டுவது எவ்வளவு கஷ்டம், குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்றெல்லாம் கேள்விகள் உண்டு. வயலில் வேலை செய்யும் அறுபது வயது அம்மாவிடம் காலுறையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டு, "கஷ்டமே இல்லை" என்பார், ஏனென்றால் வாழ்நாளில் ஒருமுறை கூடப் போட்டதில்லை. படிவத்தில் அவருக்கு நல்ல மதிப்பெண் விழும். அவருக்கு முடியாமல் போனது சம்மணம் போட்டு உட்காருவது, குத்துக்காலிட்டு வாசலில் கோலம் போடுவது, டவுன் பஸ்ஸின் முதல் படியில் கால் வைப்பது. உங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இரண்டு பேருக்கும் இதைக் கொடுத்துவிடுங்கள். இங்கே மனிதர்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்பது பிசியோவைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். படிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது, அதற்கு உரிமையும் முறையும் இருக்கின்றன. ஆனால் அதோடு நாம் தனியாக நாலு கேள்வி சேர்த்துக் கேட்டுப் பதிவு செய்யத் தடை இல்லை. தமிழில் ஒரு படிவம் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டு இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் மொழிபெயர்ப்பில் இறங்க வேண்டும். இறங்கினால், ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். அப்போதுதான் எங்கே பொருள் நழுவியது என்று தெரியும்.

எதிக்ஸ் கமிட்டி விஷயத்தில் தயவுசெய்து குறுக்குவழி வேண்டாம். பழைய ரிஜிஸ்டரை எண்ணுவது பிரிவுக்குள் நடக்கும் தணிக்கை என்று சொல்லலாம். ஆனால் அதை வெளியில் கட்டுரையாகக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், எண்ணுவதற்கு முன்பே கமிட்டியிடம் போங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின், அதாவது ஐ.சி.எம்.ஆரின், 2017 வழிகாட்டி நெறிகளின்படி கமிட்டியில் ஏழிலிருந்து பதினைந்து பேர் வரை இருக்க வேண்டும், தலைவர் வெளியிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் கமிட்டி இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அவர்களுடைய கமிட்டியைப் பயன்படுத்த அந்த நெறிகளே இடம் தருகின்றன. பழைய கேஸ் ஷீட்டை மட்டும் பார்ப்பதாக இருந்தால் நோயாளியின் ஒப்புதலிலிருந்து விலக்குக் கேட்கலாம், அதைக் கமிட்டிதான் முடிவு செய்ய வேண்டும். போன் செய்து பேசுவதாக இருந்தால் என்ன சொல்லித் தொடங்குவீர்கள் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். நாளைக்கு ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு ஒப்பிடும் சோதனைக்குப் போனீர்கள் என்றால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்னால் பதிய வழி கிடையாது. கட்டணம் இல்லை.

படிக்க நல்ல வழிகள் இருக்கின்றன. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நலவாழ்வு ஆராய்ச்சியின் அடிப்படைகளை என்.பி.டி.இ.எல். என்ற கல்வித் தளத்தில் இணையப் பாடமாக நடத்துகிறது. படிக்கப் பணம் வேண்டாம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து படித்தால் பாதியில் நிற்காது. பிசியோதெரபி ஆய்வுகளுக்கென்றே சிட்னியிலிருந்து 1999 முதல் நடக்கிற 'பெட்ரோ' தரவுத்தளம் இலவசம், ஒவ்வொரு சோதனைக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றும் போட்டிருப்பார்கள். அதன் பக்கங்களைத் தமிழிலும் படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஒரே ஒரு கட்டுரையை எடுத்து எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள், தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற கூச்சம்தான் நம் பிரிவுகளில் பாதி வாயை அடைத்துவைத்திருக்கிறது. ஸ்பீச் தெரபிஸ்டும் டயட்டீஷியனும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பக்கவாத நோயாளி வராமல் போனதற்கு, விழுங்க முடியாமல் இளைத்துப் போனதும் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களுக்குத்தான் தோன்றும்.

புள்ளியியலுக்கு அதிகம் பயப்பட வேண்டாம். தரவு சேர்க்கத் தொடங்குவதற்கு முன்பே புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். முடித்த பிறகு போனால் எங்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் மின்னஞ்சலுக்கு 'மதிப்பிற்குரிய டாக்டர்' என்று தொடங்கும் அழைப்புகள் வரும். ஏழு நாளில் வெளியிடுகிறோம், இத்தனை ஆயிரம் கட்டினால் போதும் என்பார்கள். ஐந்து பேப்பர் நெருக்கடியில் இருக்கிற பிரிவுகள் அங்கேதான் போய் விழுகின்றன. சொந்தச் சம்பளத்திலிருந்து பணம் கட்டி, யாரும் படித்துத் திருத்தாத ஒரு இடத்தில் தன் முதல் கட்டுரையைப் போட்டுவிட்டுப் பிறகு அழுத பெண்ணை எனக்குத் தெரியும். அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது, வேறு இடத்தில் போடவும் முடியாது. பணம் கேட்கும் திறந்தநிலை இதழ், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ் என்றால், அப்படிப்பட்ட நம்பகமான இதழ்களைத் தொகுக்கும் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் வந்த பழைய கட்டுரைகள் இரண்டை உட்கார்ந்து படித்தும் பாருங்கள்.

இன்னொன்று, பெயர் வரிசை. இளம் வயதில் நான் ஒரு வருடம் நோயாளிகளை அளந்து, எழுதி, அட்டவணை போட்டுக் கொடுத்த கட்டுரை வெளிவந்தபோது என் பெயர் நன்றி சொல்லும் வரியில் இருந்தது. முதல் பெயர் எங்கள் மூத்தவருடையது. அதற்கப்புறம் நாலு வருடம் நான் ஒரு எண்ணைக்கூட எழுதிவைக்கவில்லை. உங்கள் பிரிவில் அது நடக்கக்கூடாது. யாருடைய பெயர், எந்த வரிசை என்பதைத் தொடங்கும் நாளிலேயே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உலக மருத்துவ இதழ் ஆசிரியர்கள் வைத்திருக்கும் விதி இதுதான்: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுவதற்கும் பொறுப்பு. நாலும் இருந்தால் ஆசிரியர். பொறுப்பாளர் என்பதற்காக உங்கள் பெயரும் வராது, துறைத் தலைவர் என்பதற்காக டாக்டர் பெயரும் வராது. அவர்களும் சேர்ந்து உழைத்தால் தாராளமாக வரட்டும், பக்கவாத நோயாளியின் கதையில் நரம்பியல் மருத்துவர் இல்லாமல் பாதி புரியாது.

அந்தப் பையனை நாளைக்கே கூப்பிட்டு, உன் கேள்வியைத்தான் எடுத்திருக்கிறோம், வேலையை நீ கொண்டுபோனால் முதல் பெயர் உன்னுடையது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். அவனோடு அனுபவமுள்ள ஒரு பிசியோவையும், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரையும் சேர்த்து மூன்று பேர் ஆக்குங்கள். மீதிப் பேரை வற்புறுத்த வேண்டாம், அவர்கள் ஒரே நாற்காலியில் அளந்து எழுதினால் இப்போதைக்குப் போதும். கமிட்டியின் அனுமதி கைக்கு வந்து, ரிஜிஸ்டரை எண்ணி முடித்ததும், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். போனில் என்ன கேட்பது என்பதை அதை வைத்துச் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் 26 வருடம் இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்